கடவுள் மனிதரானது மனிதன் கடவுளாகவா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘நாம் கடவுளாகும்படி கடவுள் மனிதரானார்’ என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் நான்காம் நூற்றாண்டில் எழுதியதாகப் படித்திருக்கிறீர்கள். ஏதேனில் பாம்பு ஏவாளுக்குக் காட்டிய ஆசையும் இதுதானே, அத்வைதம் சொல்வதும் இதுதானே, உண்மையான போதனை என்றால் என் சபையில் ஏன் ஒருநாளும் காதில் விழவில்லை, உயிரோடு இருக்கும்போதே இது நடக்குமா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே இருக்கும் கோட்டைக் கிறிஸ்தவம் இந்த இடத்தில் அழித்துவிடுகிறதா?

அழிப்பதில்லை. இதில் கிழக்குச் சபை, மேற்குச் சபை, சீர்திருத்த சபைகள் எவற்றுக்குள்ளும் கருத்து வேறுபாடு கிடையாது. சண்டை எல்லாம் அந்தக் கோட்டை அழிக்காமலே எவ்வளவு தூரம் நெருங்க முடியும் என்பதில்தான்.

அத்தனாசியுஸின் வாக்கியத்தை அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். வார்த்தையானவர் உடலெடுத்ததைப் பற்றிய அவருடைய சிறுநூலில் 54ஆம் பகுதி அது. வாக்கியம் அங்கே முடிந்துவிடுவதில்லை. காணப்படாத தந்தையை நாம் அறியும்படி அவர் உடலில் வெளிப்பட்டார், அழியாமையை நாம் உரிமையாகப் பெறும்படி மனிதர் செய்த அவமானத்தைத் தாங்கினார் என்று அதே மூச்சில் தொடர்கிறார். ‘கடவுளாவது’ என்றால் என்ன என்பதற்கான விளக்கம் அங்கேயே கிடைத்துவிடுகிறது: தந்தையை அறிவது, சாவின் பிடியிலிருந்து விடுபடுவது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வாக்கியத்துக்கு இரண்டு பாதிகள். முதல் பாதி கடவுள் செய்தது, இரண்டாவது அதனால் நமக்கு வந்தது. அவருக்கு முன்பே, ஏறத்தாழ 180இல், லியோன் நகர ஆயர் இரேனேயு இதே அமைப்பில்தான் எழுதினார்: தாம் எதுவாக இருக்கிறாரோ அதுவாக நம்மை ஆக்கும்படி, நாம் எதுவாக இருக்கிறோமோ அதுவாக அவர் ஆனார். முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் மேற்கோளாகக் காட்டும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மனிதனுக்குள் ஏற்கெனவே மறைந்திருக்கும் தெய்வத்தைத் தட்டி எழுப்புவதைப் பற்றி இவர்கள் இருவரும் பேசவே இல்லை.

வேதத்தில் இதற்கு வேர் உண்டா என்றால், உண்டு. ஆனால் எல்லா வசனங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. வழக்கமாக முதலில் காட்டப்படுவது 2 பேதுரு 1:4, ‘திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு’. சொல் பலமானது. ஆனால் அந்த வசனமே உலகத்திலுள்ள கேட்டுக்குத் தப்புவதோடு இதைச் சேர்த்துச் சொல்கிறது; எனவே ஆசிரியர் மனதில் இருந்தது அழியாமையும் தூய நடத்தையும்தான், பின்வந்த இறையியலின் முழுப் பாரத்தையும் இந்த ஒரு வசனத்தின் தலையில் ஏற்றக் கூடாது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. இரண்டாவது, சங்கீதம் 82:6: ‘நீங்கள் தேவர்கள் என்றும், நீங்களெல்லாரும் உன்னதமானவரின் மக்கள் என்றும்’. இயேசு யோவான் 10:34இல் எடுத்தாள்வது இதைத்தான். அடுத்த வசனம் ‘ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து’ என்று போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆதித் திருச்சபைப் பிதாக்கள் மறக்கவில்லை. ‘தேவர்கள்’ என்பது பிள்ளைகளாகச் சுவீகரிக்கப்பட்டவர்களைக் குறிக்கிறது, சாவு அந்தக் கொடையை மறுத்தவர்களுக்கு வரும் முடிவு என்று இரேனேயு இதை விளக்குகிறார். உண்மையில் போதனையின் பாரத்தைத் தாங்கும் தூண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: ரோமர் 8ஆம் அதிகாரத்திலும் கலாத்தியர் 4:5இலும் வரும் புத்திரசுவிகாரம், 2 கொரிந்தியர் 3:18இல் மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபப்படுதல், யோவான் 17இல் ‘நாம் ஒன்றாயிருக்கிறதுபோல’ என்ற ஜெபம், 1 யோவான் 3:2இல் ‘அவருக்கு ஒப்பாயிருப்போம்’ என்ற நம்பிக்கை. மகன் இயல்பால் மகன். நாம் சுவீகாரத்தால் பிள்ளைகள். சுவீகாரம் வெறும் சட்டக் காகிதமாக நின்றுவிடாமல், மகனுடைய ஆவியே நமக்குள் ‘அப்பா’ என்று கூப்பிடுகிறார் என்பதுதான் பவுல் அதோடு சேர்க்கும் செய்தி.

நான்காம் நூற்றாண்டு வாதங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் வியப்பூட்டும். தெய்வமயமாதல் என்று அழைக்கப்படும் இந்தப் போதனையை அங்கே யாரும் நிரூபிக்க முயலவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்றாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேறொன்றை நிரூபித்தார்கள். மகன் படைக்கப்பட்டவர், மற்றப் படைப்புகளுக்கு மேலானவர் என்பது அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸின் கட்சி. அதற்கு அத்தனாசியுஸின் பதில்: மகன் நம்மைத் தெய்வமயமாக்குகிறார், தாமே பங்குபெற்றுத்தான் தெய்வமானவர் என்றால் அந்தப் பங்கைப் பிறருக்கு அவரால் கொடுக்க முடியாது, இரவல் வாங்கியது அவருடைய சொந்தமல்லவே, ஆகவே மகன் இயல்பிலேயே கடவுள். பிறகு ஆவியானவரைப் பற்றிய விவாதத்தில் செராப்பியோனுக்கு எழுதிய கடிதங்களில் இதே தர்க்கத்தைத் திரும்பக் கையாள்கிறார்: ஆவியில் பங்குபெறுவதால் நாம் இறையியல்பில் பங்குபெறுகிறோம் என்றால், அந்த ஆவி படைப்பாக இருக்க முடியாது. ஆயர்கள் கூடிய 325இன் நிக்கேயா சங்கத்துக்கும் 381இன் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்துக்கும் நடுவே மூவொரு கடவுள் கோட்பாடு உருவானதில் இந்த வாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதாவது தெய்வமயமாதல் ஏதோ மலைக்குகைத் துறவிகளின் தனிச் சரக்கு என்று நினைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. விசுவாசப் பிரமாணத்தின் அடித்தளத்திலேயே அது இருக்கிறது. இது கிரேக்கத் தத்துவம் நற்செய்திக்குள் புகுத்திய அந்நியப் பொருள் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய இறையியலர் ஹார்னாக் வாதிட்டார், அது நெடுநாள் செல்லுபடியானது. ஆனால் அத்தனாசியுஸ் இறந்த அதே 373இல் இறந்த சிரியக் கவிஞர் எபிரேம், ‘அவர் நமக்கு இறைமையைத் தந்தார், நாம் அவருக்கு மனிதத்தைத் தந்தோம்’ என்ற கருத்தைச் சிரியக் கீர்த்தனையில் பாடியிருக்கிறார். ஏதென்ஸின் வாடை அதிகம் படாத மரபு அது.

கோடு எங்கே நிற்கிறது என்பதற்கு வருவோம். பிதாக்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வரையறை: இயல்பால் அல்ல, அருளால். அவர்கள் கையாளும் உவமை உலையில் வைத்த இரும்பு. மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகேன் தொடங்கி, ஏழாம் நூற்றாண்டுத் துறவி மாக்சிமுஸ், எட்டாம் நூற்றாண்டின் தமஸ்கு யோவான் வரை இது ஓடுகிறது. இரும்பு சிவக்கிறது, ஒளிர்கிறது, தொட்டால் சுடுகிறது. நெருப்பின் வேலைகளை எல்லாம் செய்கிறது. ஆனாலும் அது இரும்பாகவே இருக்கிறது, உலையை விட்டு எடுத்தால் ஆறிப்போகிறது. சூடு அதற்கு உண்மையாகவே உண்டு, ஆனால் சொந்தமாக இல்லை. இந்த உவமைக்குப் பின்னால் நிற்கும் கறாரான இலக்கணம் 451இல் கல்கெதோன் சங்கம் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்ன நான்கு மறுப்புகள்: இரு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல். கிறிஸ்துவிலேயே மனித இயல்பு தெய்வ இயல்புக்குள் கரைந்துபோகவில்லை என்றால், அவர் வழியாகப் பெறுகிற நமக்கு மட்டும் அது கரைந்துபோகும் என்று சொல்ல வழியே இல்லை. தெய்வமயமாதல் என்ற பெயரில் யார் எதைச் சொன்னாலும் இந்த நான்கையும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மனிதம் மறைந்துவிடும் என்றால் ‘கலவாமல்’ அடிபடுகிறது. நாமும் கடவுளும் ஒருவரையொருவர் தூரத்திலிருந்து போற்றிக்கொள்வதோடு சரி, இயேசு ஒரு முன்மாதிரி மட்டும் என்றால் ‘பிரியாமல்’ அடிபடுகிறது. நடைமுறையில் இரண்டாவது பிழைதான் அதிகம் நடக்கிறது; பக்தியாகத் தோன்றுவதால் யாரும் அதைப் பிழை என்று பார்ப்பதில்லை.

பாம்பு விஷயம். நீங்கள் கண்ட ஒற்றுமையைத் திருச்சபையே கண்டிருக்கிறது. மார்ச் 25, கன்னி மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளில், பைசாந்திய வழிபாட்டின் காலைத் துதிகளில் ஒரு பாடல் வருகிறது. பண்டு ஆதாம் ஏமாந்தான், கடவுளாக விரும்பி ஆகாமல் போனான்; இப்போது ஆதாமைக் கடவுளாக்கும்படி கடவுள் மனிதராகிறார் என்பது அதன் பொருள். ஆசையே தவறு என்று அந்தப் பாடல் சொல்லவில்லை. தவறு வழியில் இருந்தது. இரேனேயுவின் பார்வையில் ஆதி மனிதர் முதிர்ச்சி பெறாத பிள்ளைகள்; வளர்ந்து பெறவேண்டியதை அவசரப்பட்டுப் பறித்தார்கள். நான்காம் நூற்றாண்டு ஆயர் நசியான்சு கிரகோரி, அந்த மரமே கெட்டது அல்ல, உரிய காலத்தில் உண்டிருந்தால் நல்லதாகவே இருந்திருக்கும் என்கிறார். மாக்சிமுஸ் இன்னும் இறுக்கமாக, கடவுள் இல்லாமல், கடவுளுக்கு முன்பாக, கடவுளுக்கு ஒவ்வாத விதத்தில் ஆதாம் கடவுளுக்குரியதை அடையப் பார்த்தான் என்று வரையறுக்கிறார். பாம்பின் பொய் வாக்குறுதியில் இல்லை, கொடுப்பவரைத் தள்ளிவிட்டுக் கொடையை எடுத்துக்கொள்ளலாம் என்றதில் இருந்தது.

மாக்சிமுஸின் பெயர் வந்துவிட்டதால் கொஞ்சம் நிறுத்தி அவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் போதனையில் மிகக் கூர்மையான முடிச்சை அவிழ்த்தவர் அவர். ஏழாம் நூற்றாண்டில் பேரரசின் அரசியல் ஒற்றுமைக்காக ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது: கிறிஸ்துவில் இயல்புகள் இரண்டு, ஆனால் சித்தம் ஒன்றே. கேட்பதற்குச் சாதுவாக இருக்கிறது. மாக்சிமுஸ் மறுத்தார். கிறிஸ்துவுக்கு மனித சித்தம் இல்லை என்றால் அவர் மனித சித்தத்தை ஏற்கவில்லை. நசியான்சு கிரகோரி முன்பே வகுத்தபடி, ஏற்கப்படாதது குணமாக்கப்படவும் இல்லை. நம்மிடம் பழுதானதே சித்தம்தான், அது மட்டும் வைத்தியனின் கைக்குத் தப்பிவிட்டது என்றாகிவிடும். கெத்செமனேயில் ‘என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது’ என்றபோது, சாவைக் கண்டு பின்வாங்கும் உண்மையான மனித சித்தம் ஒன்று, தானாகவே விரும்பி, தந்தையின் சித்தத்தோடு இசைந்தது என்று அவர் வாசித்தார். நமக்கும் தெய்வமயமாதல் என்றால் அதுவே. சித்தம் அணைக்கப்படுவதில்லை, அது முதல்முறையாக ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குகிறது. இதை விட்டுக்கொடுக்காததற்காக 662இல் அவருடைய நாக்கும் வலக்கையும் வெட்டப்பட்டன, நாடுகடத்தப்பட்டு அதே ஆண்டு இறந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் இரண்டு சித்தங்கள் என்ற அவருடைய நிலைப்பாட்டையே உறுதிசெய்தது.

இதை வைத்துக்கொண்டால் அத்வைத ஒப்பீட்டுக்குப் பதில் சொல்வது எளிது. அத்வைதத்தில் ஆன்மா ஒருபோதும் பிரம்மத்துக்கு வேறாக இருந்ததில்லை. விலகவேண்டியது அறியாமை மட்டும், புதிதாக எதுவும் நிகழ்வதில்லை. இங்கே நேர்மாறு: மனிதன் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டவன், அவனிடம் இல்லாத ஒன்று அவனுக்குத் தரப்படுகிறது, தந்தபிறகும் தருபவர் வேறு, பெறுபவர் வேறு. சைவ சித்தாந்தம் இன்னும் அருகில் வரும். முத்தியில் உயிர் சிவமாகிவிடுவதில்லை, சிவனோடு இரண்டறக் கூடி நிற்கிறது என்பதும், அது அருளாலேயே நிகழ்கிறது என்பதும் பிதாக்களின் பேச்சை நினைவூட்டுபவை. ஆனால் அங்கே பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. கிறிஸ்தவத்தில் அநாதியானவர் கடவுள் ஒருவரே; உயிருக்கும் தொடக்கம் உண்டு, அதன் அழுக்குக்கும் தொடக்கம் உண்டு. தவிர, வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்து சிலுவையில் இறந்த ஒருவரின் உடல் வழியாக அருள் வருகிறது என்ற வற்புறுத்தலுக்கு அங்கே இணை கிடையாது. ஒப்பிடுவதில் தவறில்லை, பயனும் உண்டு. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று முடித்தால் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்ததாகாது.

மூன்றாவது கேள்வி, ஏன் காதில் விழவில்லை என்பது. கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போகிறவர் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் கண்முன்னே இது நடந்திருக்கிறது. காணிக்கை வேளையில் குருவோ திருத்தொண்டரோ கிண்ணத்திலுள்ள திராட்சை இரசத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார். அப்போது மெல்லிய குரலில் ஒரு செபம் உண்டு: நமது மனிதத் தன்மையில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்திய கிறிஸ்துவின் இறைத்தன்மையில் இந்தத் தண்ணீர், இரசத்தின் மறைபொருளால் நாங்களும் பங்குபெறுவோமாக என்பது அதன் கருத்து. அத்தனாசியுஸின் வாக்கியம் அப்படியே. மெதுவாகச் சொல்லப்படுவதால் பெரும்பாலும் யாருக்கும் கேட்பதில்லை. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் இந்தச் சடங்குக்கு அளித்த விளக்கம் அழகானது: இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள், இரசத்தை மட்டும் ஒப்புக்கொடுத்தால் நாமில்லாத கிறிஸ்து, தண்ணீரை மட்டும் என்றால் கிறிஸ்து இல்லாத நாம், கலந்தபின் பிரிக்க முடியாது. (‘பிரியாமல்’ என்பதற்கு நல்ல படம். ‘கலவாமல்’ என்பதற்கு உதவாது, அதற்கு இரும்பிடம்தான் போகவேண்டும்.) அகுஸ்தீன், நீதிமானாக்குகிறவரே தெய்வமாக்குகிறார், ஏனெனில் நீதிமானாக்குவதால் பிள்ளைகளாக்குகிறார் என்று ஒரு சங்கீத விளக்கத்தில் எழுதினார். அக்குவினா தோமாஸ், நெருப்பு மட்டுமே எரியூட்ட முடியும் என்பதுபோலக் கடவுள் மட்டுமே தெய்வமாக்க முடியும் என்றார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 460ஆம் பத்தியில் இரேனேயு, அத்தனாசியுஸ், தோமாஸ் மூவரையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டுகிறது. ஆக, இது கிழக்குச் சபைக்கு மட்டும் உரியது என்ற பரவலான பேச்சு சரியல்ல. மேற்கில் அது மற்றப் பாடங்களின் கீழே போய்விட்டது என்பதே உண்மை.

சீர்திருத்த சபைகளில் மௌனத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1550 வாக்கில் கோனிக்ஸ்பெர்க்கில் அந்திரேயாஸ் ஓசியாண்டர் என்ற லூத்தரன் இறையியலர், நமக்குள் குடியிருக்கும் கிறிஸ்துவின் தெய்வ இயல்பே நமது நீதி என்று போதித்தார். அப்படியானால் சிலுவையில் நடந்தது எதற்கு, பாவமன்னிப்பு எங்கே போயிற்று என்று லூத்தரன்களும் கால்வினும் சேர்ந்தே எதிர்த்தார்கள். 1577இன் லூத்தரன் அறிக்கை அதை வெளிப்படையாகத் தள்ளியது. அதன்பின் ‘நீதிமானாக அறிவிக்கப்படுதல்’ முன்வரிசைக்கு வந்தது, பங்குபெறுதலைப் பற்றிப் பேசினாலே ஓசியாண்டரின் நிழல் தெரிந்தது. அதே கால்வின் 2 பேதுரு 1:4க்கு எழுதிய உரையில், நம்மை இறுதியில் கடவுளுக்கு ஒப்பாக்குவதும், அப்படிச் சொல்லலாமென்றால், தெய்வமயமாக்குவதும் நற்செய்தியின் நோக்கம் என்று எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி தம் மனமாற்ற நாளான 1738 மே 24 அதிகாலையில் வேதத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டதும் அதே வசனம் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். லூத்தரின் விசுவாசத்தைப் பற்றிய பேச்சே, கிறிஸ்து விசுவாசத்திலேயே உடனிருக்கிறார் என்பதால், தெய்வமயமாதலுக்கு நெருக்கமானது என்று 1970களிலிருந்து பின்லாந்தில் தூவோமோ மன்னெர்மாவும் அவருடைய மாணவர்களும் வாதிட்டு வருகிறார்கள். ஜெர்மானிய லூத்தர் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. இந்த வழக்கு இன்னும் முடியாதது. யாராவது ‘லூத்தர் தெய்வமயமாதலைப் போதித்தார்’ என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுத்தே கேளுங்கள்.

கிழக்குக்கும் மேற்குக்கும் உண்மையான உரசல் இருப்பது வேறு இடத்தில். 1330களில் கிரேக்கத்தின் அத்தோஸ் மலைத் துறவிகள், இயேசு மறுரூபமானபோது தாபோர் மலையில் சீடர்கள் கண்ட அதே ஒளியை ஜெபத்தில் காண்பதாகச் சொன்னார்கள். தென் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர், தலையைக் குனிந்து வயிற்றைப் பார்த்தபடி ஜெபிக்கும் அவர்களை ‘தொப்புளில் ஆன்மாவை வைத்தவர்கள்’ என்று கேலி செய்தார். அந்த ஒளி இருந்தால் அது படைக்கப்பட்ட ஒளி என்றார். (பின்னாளில் அவிஞ்ஞோனில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே.) அத்துறவிகளுக்காக வாதிட்ட அத்தோஸ் துறவி கிரகோரி பலாமாஸ் எதிர்கொண்ட சிக்கல் இருமுனைக் கத்தி. நாம் பங்குபெறுவது கடவுளின் உள்ளியல்பிலேயே என்றால், பங்குபெறும் ஒவ்வொருவரும் இன்னொரு தெய்வ ஆளாகிவிடுவார்கள்; மூவொரு கடவுள் போய் ஆயிரமாயிரம் பேர் கொண்ட கடவுள் வந்துவிடுவார். படைக்கப்பட்ட ஏதோ ஒன்றில்தான் பங்குபெறுகிறோம் என்றால், கடவுளைத் தொடவே இல்லை, ‘தெய்வமயம்’ வெறும் அலங்காரச் சொல்லாகிவிடும். அவர் தந்த விடை: கடவுளின் உள்ளியல்பு என்றென்றும் எட்டாதது, அவருடைய செயலாற்றல்கள் படைக்கப்படாதவை, அவை கடவுளே, அவற்றில் நாம் உண்மையாகவே பங்குபெறுகிறோம். 1341, 1347, 1351 ஆண்டுகளில் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கங்கள் பலாமாஸின் பக்கம் நின்றன. இதற்குச் சற்று முன்னால், 1336இல், மேற்கில் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட், மீட்கப்பட்ட ஆன்மாக்கள் கடவுளின் உள்ளியல்பையே நேருக்கு நேர் காண்கின்றன என்று வரையறுத்திருந்தார். பதினைந்தே ஆண்டுகளுக்குள் இரு பக்கமும் இரண்டு அறிக்கைகள். ஒன்று மற்றொன்றை நேரடியாக மறுக்கிறதா, அல்லது ‘காண்பது’ என்றும் ‘எட்டாதது’ என்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்களா என்பதில் இறையியலர்கள் இன்றும் பிரிந்தே இருக்கிறார்கள். ‘காண்பது’ ‘முழுவதுமாக அளந்தறிவது’ ஆகாது என்று தோமாஸும் சொல்வதால் இடைவெளி நினைப்பதைவிடக் குறைவு என்பது என் கருத்து. ஆர்த்தடாக்ஸ் நண்பர்கள் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, இப்போதே நடக்குமா, எப்படி நடக்கும். தொடக்கம் திருமுழுக்கில். ஆர்த்தடாக்ஸ் முறையில் குழந்தையானாலும் மூன்று முறை நீரில் அமிழ்த்தி எடுத்து, உடனே நெற்றி, கண், மூக்கு, வாய், காது, மார்பு, கை, கால் என ஒவ்வொரு உறுப்பிலும் ‘தூய ஆவியாகிய கொடையின் முத்திரை’ என்று சொல்லி எண்ணெய் பூசி, நற்கருணையும் கொடுத்துவிடுகிறார்கள். மனத்தை மட்டும் தெய்வமயமாக்கும் மதமாக இருந்தால் காலில் எண்ணெய் பூசத் தேவையில்லை. உடல் விட்டுப்போகும் சட்டை அல்ல, உயிர்த்தெழ வேண்டியது. அதற்குப் பிறகு உள்ளது நீண்ட உழைப்பு. மரபு அதை மூன்று கட்டங்களாகச் சொல்கிறது: தூய்மையாதல், ஒளிபெறுதல், ஒன்றித்தல். முதல் கட்டத்துக்கு நான்காம் நூற்றாண்டு எகிப்திய பாலைவனத்தில் துறவி எவாக்ரியுஸ் எழுதிவைத்த எட்டு எண்ணங்களின் பட்டியல் இன்றும் பயன்படுகிறது: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. வரிசை தற்செயலானது அல்ல. வயிற்றில் தொடங்கி, மற்றதெல்லாம் அடங்கியபின் தலைதூக்கும் அகந்தையில் முடிகிறது. ஆறு எண்ணங்களை வென்றவனுக்கு ஏழாவது, ‘நான் வென்றேன்’ என்ற வீண்பெருமை, காத்திருக்கும். இவை அடங்கிய நிலையை அவர் பற்றுகளின் அமைதி என்றார்; ஆனால் அதோடு நிற்கவில்லை, அதன் பிள்ளை அன்பு என்று எழுதினார். பிறக்க வேண்டிய பிள்ளை பிறக்காவிட்டால் அந்த அமைதி வெறும் மரத்துப்போதல். சீனாய் மலையின் யோவான் எழுதிய முப்பது படிகள் கொண்ட ஏணியிலும் கடைசிப் படியில் இருப்பது காட்சிகளோ அற்புதங்களோ இல்லை. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றுமே.

ஜெபத்தில் அடிப்படையானது ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்’ என்ற ஒரே வரி. சீராக, அவசரமில்லாமல், அதன் பொருளில் மனத்தை வைத்துச் சொல்வது. மூச்சோடு இணைக்கும் உத்திகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றை வழிகாட்டி ஒருவர் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதில் அந்த மரபு கண்டிப்பாக இருக்கிறது. நான் இங்கே அவற்றை விவரிக்காமல் விடுவதும் அதனால்தான். எழுத்தில் படித்துச் செய்கிறவர்கள் மூச்சைக் கவனித்துக் கவனித்து வரியை மறந்துவிடுகிறார்கள், பிறகு உடலில் உண்டாகும் வெப்பத்தையோ மயக்கத்தையோ அருள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜெபம் மட்டும் போதும், திருமுழுக்கும் நற்கருணையும் தேவையில்லை, கடவுளை இந்தக் கண்ணாலேயே காணலாம் என்று சொன்ன மெசாலியர்களை 431 எபேசு சங்கம் கண்டித்தது. அந்தச் சோதனை அன்றோடு முடிந்துவிடவில்லை. விசுவாசிகள் ‘சின்ன தெய்வங்கள்’, ஆகவே வாயால் சொன்னால் பணமும் சுகமும் வந்தாக வேண்டும் என்று இன்று சில மேடைகளில் கேட்பது இந்தப் போதனையின் வாரிசு கிடையாது. அதில் சிலுவைக்கு இடமே இல்லை. 1844இல் மோர்மன் இயக்கத்தின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் ஆற்றிய உரையில், கடவுளும் ஒருகாலத்தில் மனிதராக இருந்து உயர்ந்தவர், நாமும் அப்படியே உயரலாம் என்று போதித்ததும் பெயரளவில்தான் இதை ஒத்தது. அங்கே படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே இருக்கும் கோடே இல்லை.

எந்த அளவுக்கு இந்த வாழ்வில் என்றால்: தொடக்கமும் முன்ருசியும் இப்போதே, முழுமை உயிர்த்தெழுதலில். 1 யோவான் 3:2 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது, இப்பொழுது பிள்ளைகளாயிருக்கிறோம், இனி எவ்விதமாயிருப்போமென்று இன்னும் வெளிப்படவில்லை. அந்த முழுமையும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுவதில்லை என்பது நான்காம் நூற்றாண்டு ஆயர் நீசா கிரகோரியின் கருத்து. கடவுளுக்கு எல்லை இல்லாததால் அவருக்குள் வளர்வதற்கும் எல்லை இல்லை. இது அவருடைய இறையியல் முடிவு, சங்கம் வரையறுத்த விசுவாசக் கோட்பாடு அல்ல. ஜெபத்தில் ஒளியோ உருவமோ தோன்றினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குப் பழைய துறவற ஆசிரியர்கள் தரும் நடைமுறை விதி: அதை ஏற்கவும் வேண்டாம், எதிர்த்துப் போராடவும் வேண்டாம், கவனத்தை ஜெப வரிக்குத் திருப்பிவிட்டு, பிறகு உங்கள் ஆன்மிக வழிகாட்டியிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். கடவுளிடமிருந்து வந்ததாக இருந்தால், எச்சரிக்கையாக இருந்ததற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவர்களே சேர்த்துச் சொல்வதும் உண்டு.